வேறு நாட்டுப் பிரஜையாக இருந்ததுண்டா?

தப்புச் செய்தது நான்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளிடம் போய்வர விசாவுக்கு எழுதியபோது, ‘இதற்கு முன் வேறு நாட்டுப் பிரஜையாக இருந்ததுண்டா?’ என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. ‘ஆம், இந்தியா’ என்று நானே தட்டிவிட்டேன். முப்பது வருடம் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க்காக இருந்தவள் நான். கேட்ட இடத்தில் உள்ளதை எழுதிப் பழகிய கை. அந்தக் கை நாசமாய்ப் போக.

உள்ளது என்னவென்றால், என் அப்பாவிடம் ஒரு இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. தாத்தா மலையில் தேயிலைக்கு மண்வெட்டி பிடித்தவர். அப்பா கொழும்புக்கு இறங்கி, கொட்டாஞ்சேனைப் பக்கம் ஜிந்துப்பிட்டியில் ஒரு அறையில் குடியேறி, ஹாபரில் கப்பல் மூட்டை தூக்கியவர். சுதந்திரம் கிடைத்த கையோடு இந்த நாடு எங்களைப் பிரஜைகள் இல்லை என்றது. பிறகு இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று ஆட்டுக்குட்டிகளைப் போலப் பிரித்துக்கொண்டன. அப்பா இந்தியாவின் பங்கில் விழுந்தார். அவருடைய பாஸ்போர்ட்டில் அம்மாவின் மடியில் நான் உட்கார்ந்திருக்கும் படம் இருக்கிறது. வாயில் விரல், கண் நிறைய மை.

சித்தப்பா குடும்பம் பெட்டி கட்டிக்கொண்டு கப்பலேறிப் போய்விட்டது. நாங்களும் பெட்டி கட்டினோம். ஆனால் அம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது, பிறகு தங்கச்சி வயிற்றில், பிறகு கலவரம், பிறகு கப்பலே நின்றுபோனது. போகாமலே பல வருடம் இந்தியர்களாக இருந்தோம். அப்புறம் இன்னொரு சட்டம் வந்து எங்களை இலங்கையர் ஆக்கியது. இத்தனைக்கும் நான் கொட்டாஞ்சேனைப் பக்கத்தை விட்டு அசையவே இல்லை.

இதையெல்லாம் எந்தப் பெட்டியில் எழுதுவது? ‘ஆம், இந்தியா’ என்று எழுதினேன். மூன்றாவது வாரம் நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

மகள் இருக்கும் வெள்ளைக்கார நாட்டின் பெயரைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. நாங்கள் எப்படி இங்கே வந்தோம் என்று தெரிந்தவர்களுக்கு அது எந்த நாடு என்றும் தெரியும். மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். இதற்கு முன் ஒன்று இதே ஏழாம் மாதத்தில் தங்காமல் போனது. அப்போது அவள் பக்கத்தில் நான் இல்லை. மருமகன் வேலைக்குப் போனபின் தனியாகக் கிடந்து அழுதிருக்கிறாள். “இந்தத் தடவை நீங்க பக்கத்துல இருந்தாலே போதும்மா. ஒண்ணும் செய்ய வேணாம்” என்று போனில் சொன்னாள். ஒன்றும் செய்ய வேண்டாமாம். பிள்ளைக்கு முதல் தண்ணி வார்ப்பது யார், இவளுக்குப் பத்தியம் வைப்பது யார்?

கடிதத்தை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு ஓடினேன். அங்கே ஒரு ஒடுங்கிய கடையில் விசாப் பேப்பர் நிரப்பிக் கொடுக்கும் யாழ்ப்பாணத்து மனிதர் இருக்கிறார். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“ஏனம்மா அதைப் போட்டனீங்கள்? ஆர் உங்களைக் கேட்டது?”

“படிவம்தான் கேட்டிச்சு. உண்மையத்தானே எழுதினேன்.”

“உண்மையைக் கொண்டுபோய் விசாக்காரனிட்டயோ சொல்லுறது? இனி நீங்கள் இந்தியாக்காரர் எண்டால் இஞ்ச என்ன செய்யிறியள் எண்டு துருவுவாங்கள்.”

“நான் இந்தியாக்காரின்னு யாரு சொன்னா?”

“நீங்கள்தானே எழுதியிருக்கிறியள்!”

பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதருடைய ஆட்களும் காலகாலமாக எங்களை ‘இந்தியாக்காரர்’ என்று ஒரு மாதிரி இழுத்துச் சொன்னவர்கள்தான். ஆனால் காரியம் ஆகவேண்டுமே. வாயை மூடிக்கொண்டு அவர் சொன்ன புத்தியைக் கேட்டேன். “தமிழிலயே கதையுங்கோ. இங்கிலீஷ் தெரியும் எண்டு காட்டிக்கொள்ளாதேங்கோ. மொழிபெயர்ப்பாளர் மாத்திச் சொல்லுற நேரத்தில நீங்கள் யோசிக்கலாம். உங்கட தாத்தாவைப் பற்றிக் கேட்டால் அளவாச் சொல்லுங்கோ. கோவிக்காதேங்கோ, உங்கட முகத்தைப் பார்த்தால் அதுதான் எனக்குப் பயம்.”

அந்த வாரமே சித்தப்பாவின் மகன் சென்னையிலிருந்து கம்பெனி வேலையாக வந்து கடற்கரையோரம் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தான். எனக்குத் தம்பி முறை. கப்பலேறிப் போன வீட்டில் அங்கே பிறந்தவன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டேன். வாயில் சோறு இறங்கும் முன்னே ஆரம்பித்துவிட்டான்.

“இப்ப இந்தியா பழைய இந்தியா இல்லக்கா. எண்ணெய் எங்க வாங்கணும், யாரோட சிநேகமா இருக்கணும்னு எங்களுக்குச் சொல்ல வெள்ளைக்காரன் யாரு? மூஞ்சிக்கு நேரா கேக்குறோம். சுயமரியாதைன்னா அதுதான்.”

“நல்லதுடா. குழம்பை ஊத்திக்க.”

“சும்மா சொல்லலக்கா.”

“அவன் நாட்டு விசா வச்சிருக்கியா நீ?”

முகம் மலர்ந்தது. “பத்து வருஷம்! எத்தனை தடவையும் போகலாம்.” கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தான். தோல் உறை, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறை.

“சாமி படத்தைக்கூட யாரும் இப்படி வச்சுக்க மாட்டாங்கடா. இதையும் மூஞ்சிக்கு நேரா கேட்டுத்தான் வாங்கினியா?”

சிரித்தான், ஆனால் காது சிவந்துவிட்டது. “வேலை வேற, ரோசம் வேறக்கா.” சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைக் குத்துவதற்கு ஒன்றைக் கண்டுபிடித்தான். “நீங்களும் அன்னைக்கே எங்களோட வந்திருந்தா இப்படி லோல்படத் தேவையில்ல. திவாலான நாட்டு பாஸ்போர்ட்டை எவன் மதிப்பான்?”

எனக்கு வந்த கோபத்தில் அப்பளத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நாங்கள் வரவில்லையாம்! அம்மா காய்ச்சலில் கிடந்தபோது இவன் அப்பா ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா? போகும்போது வாசலில் நின்று அவனே சமாதானம் பேசினான். “பயப்படாதீங்கக்கா. நேரா கண்ணைப் பார்த்துப் பேசுங்க. நம்ம ரத்தத்துல அது இருக்கு.” சொன்னவன் மேல் எரிச்சலாக இருந்தாலும் அந்தப் பேச்சு மனதில் ஒட்டிக்கொண்டது. நேராகப் பார்த்துத்தான் பேசுவது என்று நானும் முடிவு செய்தேன்.

நேர்முகம் என்றால் எதிரே ஆள் இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒரு சின்ன அறையில் திரைக்கு முன் உட்கார வைத்தார்கள். எங்கள் பேப்பர்களைப் பார்ப்பது இந்தியாவில் இருக்கும் அவர்களுடைய அலுவலகமாம். என்னை என் மகளிடம் விடுவதா வேண்டாமா என்று இந்தியாவில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரன் தீர்மானிப்பான். திரையில் அவன் தெரிந்தான். மகள் வயதுதான் இருக்கும். பக்கத்தில் கண்ணாடி போட்ட மொழிபெயர்ப்பாளர். பேச்சு சுத்தச் சென்னை.

மகளைப் பற்றி, என் பென்ஷனைப் பற்றி, திரும்பி வருவேனா என்பதைப் பற்றி எல்லாம் கேட்டார்கள். பதில் சொன்னேன். பிறகு அந்த இளைஞன் ஒரு தாளைப் புரட்டிவிட்டு, இந்தியப் பிரஜைகளாக இருந்தவர்கள் இலங்கைக்கு எப்படி வந்தீர்கள், எந்த அனுமதியில் தங்கினீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டான். மொழிபெயர்க்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. உடம்பெல்லாம் கொதித்தது.

“எங்க தாத்தா தானா வரல” என்றேன், நேராகத் திரையைப் பார்த்து. “இவங்க ஆளுங்கதான் கொண்டாந்தாங்க. மண்டபம் முகாம்ல வரிசையா நிறுத்தி, ஊசி போட்டு, கப்பல்ல ஏத்தி, இவங்க தோட்டத்துக்குக் கொண்டாந்தாங்க. போகும்போது எங்களை என்ன செய்யிறதுன்னு ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டுப் போனாங்க. எப்படி வந்தீங்கன்னு இவர் என்னைக் கேக்குறதா? அவங்க வீட்டுப் பழைய கணக்கப்புள்ளைகிட்ட கேக்கச் சொல்லுங்க.”

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, மிகவும் பணிவான ஆங்கிலத்தில் சொன்னார்: இவருடைய தாத்தா பிரிட்டிஷார் காலத்தில் வேலை தேடி வந்தவர், சேர். அந்த வாய்ப்புக்காக இவருடைய குடும்பம் இன்றும் நன்றியோடு இருக்கிறது, சேர்.

நன்றியோடு! அடப்பாவி! இந்தியா யாருக்கும் தலையாட்டாது என்று என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே ஒருவன் சொல்லிவிட்டுப் போய் நான்கு நாள் ஆகவில்லை. இங்கே ஒருவர் என் தாத்தாவின் தலையையும் சேர்த்து ஆட்டிக்கொண்டிருக்கிறார். நாக்கு நுனிவரை ஆங்கிலம் வந்துவிட்டது. நான் அப்படிச் சொல்லவில்லை என்று ஒரு வரி போதும்.

வெள்ளைக்கார இளைஞன் முதல் முறையாக நிமிர்ந்து, மொழிபெயர்ப்பாளரை விட்டுவிட்டு என்னையே பார்த்துக் கேட்டான். “இஸ் தட் கரெக்ட்?”

மகள் தனியாகக் கிடந்து அழுதது ஞாபகம் வந்தது. வேறு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

“யெஸ், சேர்” என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பது அவருக்கு அப்போது புரிந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இளைஞன் திருப்தியாகச் சிரித்து ஏதோ எழுதினான். பத்தாம் நாள் விசா வந்தது.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். அங்கே நிலத்தில் உட்கார்ந்து, காலை நீட்டி, அவளைக் கால்மேல் போட்டு நான்தான் தினமும் குளிப்பாட்டினேன். மகள் சுவரோரம் சாய்ந்திருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு நாள் சென்னைத் தம்பி போன் பண்ணினான். மகள் அதை என் காதருகே பிடித்தாள்.

“பாத்தீங்களா, நான் சொன்னேன்ல! நேரா கண்ணைப் பார்த்துச் சொன்னீங்களாக்கா?”

“ஆமாடா” என்றேன். “நேரா பார்த்துத்தான் சொன்னேன்.”

அதில் ஒரு பொய்யும் இல்லை.