முழித்திருந்ததாகச் சொன்ன கனவு

நான் கண்டது கனவுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில், சொல்ல வேண்டிய நேரத்தில், அதைத்தான் சொல்லாமல் விட்டேன்.

துடியலூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் எனக்கு மூன்றாம் ஷிப்ட். இரவெல்லாம் அறுந்த இழையைப் பிடித்து ஒட்டுவேன்; காலையில் வந்து, பஞ்சு படிந்த இமையோடு படுப்பேன். ஊர் வேலை செய்யும் நேரத்தில் தூங்குகிறவனுக்குத் தூக்கம் கெட்டியாக வராது. மெல்லிய துணி போல வரும், வெயில் அதற்குள் புகுந்துவிடும். அப்படி ஒரு நடுப்பகலில் பக்கத்து வீட்டு எருமைக் கொட்டகையைக் கண்டேன். பச்சைத் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் அங்கே குந்தி, தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளுவைச் செய்துகொண்டிருந்தார். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. என்னைப் பார்த்துச் சிரித்தார். விழித்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

சாயங்காலம் டீக்கடையில் சொன்னேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

"தூங்கறப்பவா, முழிச்சிருக்கறப்பவா?" என்று கேட்டார் கடைக்காரர். "உனக்குத்தான் பகல்ல ரண்டும் ஒண்ணாச்சே."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"முழிச்சுத்தானுங்க இருந்தேன். இந்தக் கண்ணுல பாத்தேன். கையை நீட்டித் தரையைக் காட்டுனாருங்க."

சிரிப்பு நின்றது. உதட்டுக்குப் போன டம்ளர்கள் கீழே இறங்கின. அந்த அமைதி எனக்கு எத்தனை இனிப்பாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

மறுநாளே கொட்டகை வாசலில் மூங்கில் நட்டுப் பச்சைக் கொடி ஏற்றிவிட்டார்கள். அடியில் அவ்லியா ஒருவர் அடங்கியிருக்கிறார், இறைநேசர் தலைக்கு மேல் எருமை கட்டலாமா, தர்கா எழுப்ப வேண்டும் என்று தெருவெல்லாம் பேச்சு. கொட்டகை ஒரு விதவையுடையது. நான் அவரை மாமி என்று கூப்பிடுவேன். அங்கே நின்ற மூன்று எருமைகளின் பாலில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது.

தொழுகை நடத்தும் பள்ளிவாசல் ஹஜ்ரத் மட்டும் அவசரப்படவில்லை. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பொதுவாகப் பேசினார். நல்ல கனவு அல்லாஹ்விடமிருந்து வருவது. கெட்டது சைத்தான் காட்டுவது. இன்னொன்று, மனசு தன்னோடு தானே பேசிக்கொள்வது. நல்லதே ஆனாலும் அது கண்டவனுக்குச் சந்தோஷச் சேதி, அதை வைத்து அடுத்தவர் இடத்தை எடுக்க மார்க்கத்தில் வழியில்லை.

"தூக்கத்துல கண்டதுன்னா செரிங்க. இது முழிச்சுட்டே பாத்ததாச்சுங்களே" என்றார் கொடி கட்டியவர்.

"முழிச்சுட்டுப் பாத்தாலும் அதேதானுங்க."

பிறகு, காணாத கனவைக் கண்டதாகச் சொன்னவனிடம் மறுமையில் இரண்டு வாற்கோதுமை மணிகளைக் கொடுத்து முடிச்சுப் போடச் சொல்வார்கள், அவனால் போடவே முடியாது என்று நபிமொழியில் வருவதைச் சொன்னார். என் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

அன்றைக்கு ஷிப்டில் ஒவ்வோர் இழையை ஒட்டும்போதும் என் விரல்களையே பார்த்தேன். ஒட்டுவதற்கென்றே பழகிய விரல்கள். ஆனால் இரண்டு மணிகள். பிடிக்க நுனி இல்லை, இழுக்க வால் இல்லை.

காலையில் திரும்பி வந்தபோது மாமி கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவிநாசிப் பக்கத்து மாட்டு யாவாரி ஒருவர் எருமையின் வாயைத் திறந்து பல் பார்த்துக்கொண்டிருந்தார். இடத்தைக் கொடு என்று அதுவரை யாரும் மாமியிடம் வந்து கேட்கவில்லை. அவராகவே விற்கத் துணிந்துவிட்டார்.

"பதினோரு வருசம், கண்ணு" என்றார், துடைப்பத்தை நிறுத்தாமல். "அவரு தலைக்கு மேல சாணி போட உட்டிருக்கேன். உன்னப் பாத்தப்ப மொகத்துல கோவம் இருந்துச்சா?"

சண்டை வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். திட்டியிருந்தால் பொய்யைக் காப்பாற்றியிருப்பேன். மாமி என்னை நம்பிவிட்டார்.

"மாமி, நான் தூங்கிட்டிருந்தேனுங்க."

"எப்ப?"

"அவரப் பாத்தப்ப. அது கனவுங்க. கையை நீட்டுனாருன்னதும் நானாச் சேத்துனதுதான்."

துடைப்பம் நின்றது. மாமி யாவாரியிடம் திரும்பினார்.

"ஏனுங்க, எருமை விக்கலீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, ஒரு டம்ளர் பால் குடிச்சுப்போட்டுப் போங்க."

என்னிடம், "இதையே பள்ளியாசல்ல போய்ச் சொல்லு. நாஞ் சொன்னா எடத்தக் காப்பாத்தப் பேசறாம்பாங்க" என்றார்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் எல்லார் முன்னாலும் சொன்னேன். "இவன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்குங்கப்பா" என்று கொடி கட்டியவர் எழுந்து போனார். டீக்கடையில் பல மாதம் என் பேரே அவ்லியாதான்: "அவ்லியாவுக்கு ஒரு டீ, தூங்கறதுக்குள்ள குடு." ஹஜ்ரத் மட்டும் தோளில் கை வைத்து, கண்ட வரைக்கும் அது நல்ல கனவு, அப்படிப்பட்டதைப் பிரியமானவர்களிடம் மட்டும் சொல் என்றார்.

சாயங்காலம் கொட்டகை வாசலில் கொடி இல்லை. மாமி பால் கறந்துகொண்டிருந்தார்.

"உக்காரு. இப்பச் சொல்லு. கண்டது மட்டும்."

தலைப்பாகையைச் சொன்னேன், முழங்கைத் தண்ணீரைச் சொன்னேன், சிரிப்பைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது சின்னதாகிக்கொண்டே வந்தது, தெளிவாகிக்கொண்டும் வந்தது. மாமியின் முகம் இளகியது.

"ஒளு செஞ்சாருன்னா, எடம் சுத்தமாத்தான இருந்திருக்கோணும்" என்றார், எருமையிடம் சொல்வது போல. பிறகு கேட்டார்: "அப்புறம் அங்கயே தொழுதாரா?"

என் நாக்கில் ஒரு தொழுகைப் பாய் விரியத் தயாராக இருந்தது.

"தெரியலைங்க மாமி. அதுக்குள்ள முழிச்சுட்டேன்."