வைரத்துக்கு வைத்த பொட்டு

புதுச்சத்திரத்தைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் ஒரு கல்லூரியில், இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. அஞ்சாவதோடு படிப்பை விட்டவன் அங்கே என்ன செய்வான்? கூட்டுவேன், துடைப்பேன், டீ வாங்கி வருவேன். யாராவது கேட்டால் ஒழிய வாயைத் திறக்க மாட்டேன்.

அந்த அறையில் ஒரு வைரம் உண்டு. மூக்குத்திக்குக்கூட ஆகாது, நொய்யரிசி அளவில் ஒரு தகடு. இயந்திரத்தில் வளர்த்தது. அதை வைத்து ஆராய்ச்சி செய்தவள் அம்மாபேட்டைப் பெண் ஒருத்தி. ஒருநாள் அவளாகவே விளக்கினாள்.

“வைரம் பூரா கார்பன் அணுதாண்ணா, நெரிசலான பஸ் மாதிரி. அதுல ஒரு நைட்ரஜன் ஏறி உட்கார்ந்து, அதுக்குப் பக்கத்து சீட்டு மட்டும் காலியா இருந்தா, பச்சை லேசர் பட்டதும் அங்கேர்ந்து சிவப்பு வெளிச்சம் வரும். துளியூண்டு காந்தம் கிட்ட வந்தாலும் அந்த வெளிச்சம் மாறும். கண்ணுக்கே தெரியாத காந்தத்தைக்கூட இதை வெச்சு அளந்துடலாம்.”

சேலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு அந்த நைட்ரஜன் எப்படி அடி வாங்காமல் போகிறது என்று யோசித்தேன். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூட்டப் போனேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லாரும் கிளம்பிய பிறகு அறையைக் கழுவித் துடைத்தேன். கம்ப்யூட்டர், லேசர் பெட்டி, ஸ்க்ரூடிரைவர் வரை சந்தனம் குங்குமம் வைத்தேன். எங்கள் பக்கம் லாரிக்கு வைக்கும்போது ஒரு ஸ்பேனரைக்கூட விட மாட்டோம். இந்த அறையே வைரத்துக்காக நடக்கிறது. அதை மட்டும் வெறும் நெற்றியோடு விடலாமா? ஈர்க்குச்சி நுனியில் குங்குமத்தைத் தொட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் பயம் வந்தது. துண்டு நுனியால் துடைத்தேன். பளிச்சென்றுதான் இருந்தது.

லீவு முடிந்து வந்தவள் லேசரைப் போட்டாள். திரையில் வெளிச்சத்தின் அளவைக் காட்டும் கோடு ஜிவ்வென்று ஏறியது.

“அண்ணா! வெளிச்சம் பிச்சுக்கிட்டுப் போவுதுண்ணா!”

உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள். மறுநாள் காலை வெளியூரிலிருந்து நிபுணர்கள் வருகிறார்கள். அவர்களுக்குத் திருப்தி என்றால்தான் அவள் ஆராய்ச்சி தொடரும். இந்தக் கோட்டைத்தான் காட்டப்போவதாகச் சொன்னாள்.

எனக்கு அந்தப் பொட்டு ஞாபகம் வந்தது. லீவுக்கு முன்னால் இல்லாதது இன்று வந்திருக்கிறது; இடையில் அந்த அறைக்குள் போனவன் நான் ஒருவன்தான். சொல்லிவிடலாம் என்று டீயோடு போனேன். டீயை வைத்துவிட்டு வந்தேன். இன்னொரு டீயோடு போனேன்.

“இப்பதானேண்ணா குடிச்சேன்? டீக்கடைல பங்கு வாங்கிட்டீங்களா?”

மூன்றாம் தடவை, ஒரு கண்ணாடிச் சில்லில் குங்குமத்தைத் தேய்த்து எடுத்துப் போனேன்.

“சாமி, இதையும் ஒருக்கா பாருங்க.”

விளையாட்டாக வாங்கி லேசருக்கு நேரே வைத்தாள். கோடு திரையின் உச்சியில் போய் முட்டி நின்றது. அவள் திரையைப் பார்த்தாள், லேசர் பெட்டியின் பொட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“வைரத்துக்குமா வெச்சீங்க?”

“அதுக்கு மட்டும் வெக்காம உட்டா நல்லாவாங்க இருக்கும்?”

குங்குமச் சாயமும் பச்சை வெளிச்சத்தில் சிவப்பாக மினுங்குமாம். எனக்கு எப்படித் தெரியும்? அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். “எங்கப்பா தெருவுக்கே சொல்லிட்டாருண்ணா. பக்கத்து வீட்ல ஜாங்கிரி வாங்கிட்டாங்களாம்.”

வைரத்தை அமிலத்தில் போட்டுச் சுத்தம் செய்தாள். பழையபடி சின்ன வெளிச்சம்தான் வந்தது. ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனாள், வெளிச்சம் மாறியது. கண்ணாடிச் சில்லை வைத்து அதே காந்தத்தைக் காட்டினாள். குங்குமம் கண்டுகொள்ளவே இல்லை. பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

மறுநாள் அந்தச் சின்ன வெளிச்சத்தையே காட்டினாள். வந்தவர்களில் வழுக்கைத்தலைக்காரர் ஒருவர், “இது வைரத்திலிருந்துதான் வருகிறது, மேலே ஒட்டிய அழுக்கிலிருந்து இல்லை என்று எப்படி நம்புவது?” என்று கேட்டார்.

“ரெண்டையும் காந்தத்துல சோதிச்சுட்டோம் சார். அழுக்குக்குப் பதிலா குங்குமம் வெச்சுப் பார்த்தோம்.”

“குங்குமமா! யாருடைய யோசனை?”

அவள் பிஸ்கட் தட்டோடு நின்ற என்னைக் கை காட்டினாள். அவர் எழுந்து வந்து, “சார், நீங்கள் எந்தத் துறை?” என்று கேட்டுக் கை நீட்டினார். நீட்டிய கையில் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.