முதல் துண்டு

என் புருஷன் அந்திரீஸுக்கு ஆடத் தெரியாது, பாடத் தெரியாது. நாலு பேர் முன்னால் நின்று ஜெபம் சொல்லச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்துவிட்டால் மட்டும் ராஜா. எங்கள் ஊர் அப்பிங்டன் ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டத்தில் மீசை முளைக்கும் முன்பே டிராக்டர் ஓட்டியவர். பிறகு வடக்கே வனப்பூங்காவில் மணல் சாலையைச் சுரண்டிச் சமப்படுத்தும் வண்டிக்குப் போனார். என்னைப் பெண் கேட்டு வந்தது அந்த வேலையில் இருந்தபோதுதான். தலையிலிருந்து செம்மண் உதிர்ந்து என் அம்மாவின் வெள்ளை மேசைவிரிப்பு பாழாய்ப் போனது. அப்புறம் திரும்பவும் தோட்டத்துக்கே வந்து லாரி. திராட்சையை ஒரு பழம் நசுங்காமல் கொண்டுபோய் இறக்க அவரை விட்டால் ஆளில்லை என்று முதலாளியே சொல்வார்.

ஜூலை விடுமுறை வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கடலுக்குப் போவார்கள். நாங்கள் மணலுக்குப் போவோம். கூடாரம், விறகு, அவித்த முட்டை, காப்பியில் நனைத்துத் தின்னக் காய்ந்த ரொட்டி, பெட்டி நிறைய ஆட்டுக்கறி, எல்லாவற்றையும் பழைய வண்டியில் திணித்துக்கொண்டு அந்தப் பூங்காவுக்கே வருஷா வருஷம் போவோம். உள்ளே போய்விட்டால் முகாம் வேலிக்குள் தவிர வேறெங்கும் காலைக் கீழே வைக்கக் கூடாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை, வறண்டு கிடக்கும் நொசோப் ஆற்றின் ஓரமாக ஊர்ந்து ஊர்ந்து போவதுதான் வேலை. எதிரே ஒரு வண்டி வந்தால் இருவரும் நிறுத்தி, ஜன்னலோடு ஜன்னலாக, "என்ன பாத்தீங்க?" என்று கேட்க வேண்டும். கேட்காமல் போகிறவனைத் திமிர் பிடித்தவன் என்போம்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அன்றைக்குச் சிங்கத்தையோ சிறுத்தையையோ முதலில் பார்த்தவருக்குத்தான் ராத்திரி நெருப்பிலிருந்து எடுக்கும் முதல் கறித்துண்டு. அதற்காக நடக்கும் சண்டை இருக்கிறதே, பக்கத்துக் கூடாரக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

"அது சிங்கமில்லப்பா, கல்லு!"

"கல்லு வாலை ஆட்டுமாடா?"

பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார். ஓட்டிக்கொண்டே, பேசிக்கொண்டே, கிளைக்கு நடுவில் தொங்கும் சிறுத்தையின் வாலைக் கண்டுபிடித்துவிடுவார். "உங்கப்பனுக்குக் கழுத்துக்குப் பின்னாலயும் கண்ணு" என்று நானே பிள்ளைகளிடம் பெருமை அடித்திருக்கிறேன்.

போன வருஷக் கடைசியில் அந்தக் கண்ணுக்குத்தான் கேடு வந்தது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். கோப்பைக்குப் பக்கத்தில் டீயை ஊற்றினார். லாரியின் பக்கக் கண்ணாடி தோட்ட வாசல் தூணில் பட்டு நொறுங்கியது. குடித்திருக்கிறாரோ என்று மோந்துகூடப் பார்த்தேன். கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போச்சு. போனது வராது. மிச்சம் இருக்கறதும் போயிடும். சொட்டு மருந்து விட்டா கொஞ்சம் மெதுவாப் போகும். இனிமே வண்டி ஓட்டாதீங்க."

நேரே பார்ப்பது தெரியும். அதுவும் மங்கலாக. பக்கத்தில் இருப்பது எதுவும் தெரியாது. குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்ப்பது போல என்றார். ஆஸ்பத்திரி வாசலில் என் புருஷன் நின்று, "வண்டி ஓட்டாத அந்திரீஸ் யாரு, த்ரீனா?" என்று கேட்டார்.  நான் அவர் கையைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிப்போனேன்.

முதுகுவலி என்று சொல்லி லாரியிலிருந்து இறங்கிக்கொண்டார். பிள்ளைகளிடமும் அதே முதுகுவலிதான். "பூங்காவுக்கு மட்டும் இன்னொரு தடவை நான் ஓட்டிக்கிறேன். பிள்ளைங்களுக்குத் தெரிய வேண்டாம். அதுங்க மனசுல நான் ஓட்டினதாவே இருக்கட்டும்" என்றார். வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும், தெரியும். நீங்கள் அந்த மூஞ்சியைப் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

ஒப்பந்தம் போட்டோம். தார்ச்சாலை முழுக்க மகள் ஷர்னெல் ஓட்டுவாள். புதிதாக உரிமம் வாங்கியவள், பழகட்டும் என்று சாக்கு. பூங்காவுக்குள் போனதும் அவர். அங்கே மாட்டுவண்டி வேகம்தான், ஒவ்வொரு வளைவும் அவர் கையால் சுரண்டியது. நான் இடது பக்கம் உட்கார்ந்து, ஏதாவது தெரிந்தால் அவர் முழங்காலைத் தட்டுவேன். இடது பக்கத்துக்கு நான் கண். வலது பக்கம் அவருடைய ஜன்னல். அதற்கு யார் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

முதல் ராத்திரி பூங்கா வாசலுக்கு வெளியே ஒரு விடுதியில் தங்கினோம். மெத்தை, வெந்நீர், எல்லாம் கண்டோம். மறுநாள் உள்ளே போய் முகாமில் கூடாரம் அடித்தோம். விடிந்ததும் என் புருஷன் பாத்திரத்தை அள்ளிக்கொண்டு கழுவப் போனார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கரண்டி கழுவாத மனுஷன்!

"அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு?" என்றாள் ஷர்னெல்.

"வயசாகுதுடி, புத்தி வருது" என்றேன்.

எனக்குத் தெரியும். கழுவும் தொட்டியில்தான் எல்லா வண்டி ஓட்டிகளும் கூடுவார்கள். யார் எந்த மரத்தடியில் எதைப் பார்த்தார்கள் என்று அங்கே கேட்டுக்கொண்டு வந்து, அந்த இடம் வந்ததும் தானே கண்டுபிடித்தது போல நிறுத்துவார். அன்றைக்கு அப்படித்தான் சிறுத்தை கிடைத்தது. முதல் துண்டும் கிடைத்தது. பத்து வயசு மகன் செஸ்லின் அழாத குறையாகச் சண்டை போட்டான். அந்திரீஸ் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான்தான் என் கறியை எடுத்து ஷர்னெல் தட்டில் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார். சரி, பெரிய சமாச்சாரம் ஏதோ கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார்.

"ஷ்ஷ்! இடது பக்கம். ரெண்டாப் பிரிஞ்ச முள்மரம். அடியில பாரு, பெண் சிங்கம்."

பார்த்தேன். நிழல், காய்ந்த புல், விழுந்து கிடக்கும் ஒரு பழுப்புக் கட்டை. அவ்வளவுதான். அது அங்கே இருந்ததாக யாரோ சொன்னது நேற்றைய கதையாக இருக்க வேண்டும். சிங்கம் என்ன இவருக்காகக் காத்துக்கொண்டா இருக்கும்?

ஷர்னெல் தொலைநோக்கியை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அப்பா, அது கட்டைப்பா."

"கட்டை காதை ஆட்டுமாடி? நல்லாப் பாரு!"

மூன்று பேரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பின்னால் செஸ்லினின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. திரும்பினேன். கீரிப்பிள்ளையைப் பார்த்தாலே கூரை பிய்ந்துபோகக் கத்துகிறவன், இருக்கையோடு ஒட்டிப்போய்த் தன் பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உட்கார்ந்திருந்தது அப்பாவுக்கு நேர் பின்னால்.

பெண் சிங்கம் வண்டியின் வலது பக்கமாக, பின்னாலிருந்து மெல்ல நடந்து வந்தது. அந்திரீஸ் முழங்கையை வெளியே நீட்டியிருந்தார். அதன் முதுகு அந்த முழங்கைக்கு ஒரு சாண் கீழே இருந்தது. ஆண்டவரே! அதன் வாடைகூட எனக்கு வந்தது. அவருக்கு அதுவும் வரவில்லை, முகத்தை என் பக்கம் திருப்பிக் கட்டையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவர் வலது முழங்காலைத் தட்டினேன்.

"சும்மா இரு, நான் பாத்துட்டேன்."

"கையை உள்ள எடு" என்றேன். கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"ஏன், கட்டை கடிக்குமா?" தான் சொன்னதற்குத் தானே சிரித்து, வெளியே தொங்கிய விரல்களால் கதவில் தாளம் போட்டார்.

அது நின்றது. தலையைத் தூக்கி அந்த விரல்களை மோந்தது. மூக்கு பட்டதா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் அசைந்தால் அவர் அசைவார், அவர் அசைந்தால் கை போய்விடும். ஜெபம்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை. பிறகு, இதில் ஒன்றுமில்லை என்பது போல அது நடையைக் கட்டியது. வண்டியைத் தாண்டி, நடுச்சாலைக்கு வந்து, எங்கள் முன்னால் போனது.

அப்போதுதான் அந்திரீஸ் முகத்தைத் திருப்பினார்.

"அதோ! அதோ பாரு, ரோட்டுல! நான்தான் முதல்ல பாத்தேன்!" ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினார். "முதல் துண்டு எனக்கு. எவனாவது வாயைத் தொறந்தீங்க, பாத்துக்கோங்க!"

யாரும் வாயைத் திறக்கவில்லை. ஷர்னெல் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.  செஸ்லின் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான்.

சாயங்காலம் நெருப்பு மூட்டினார். கறி வெந்தது. முதல் துண்டை இடுக்கியில் தூக்கிப் பிடித்து, எப்போதும் போல, "இது யாருக்கு?" என்று அதட்டினார்.

"அப்பாவுக்குத்தான்" என்றாள் ஷர்னெல்.

"அப்பாதான் முதல்ல பாத்தாங்க" என்றான் செஸ்லின், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல.

சண்டை போடுங்களேன் பிசாசுகளா, சண்டை போடுங்களேன் என்று எனக்குள் கத்தினேன். "யோவ், நான் பாத்தேன்யா, இங்க குடு" என்று நானாவது ஆரம்பித்தேன். பாதியிலேயே குரல் உடைந்துபோனது.

அவர் இடுக்கியோடு அப்படியே நின்றார். கொழுப்பு சொட்டி நெருப்பு சீறியது.

"செஸ்லின், அது எந்தப் பக்கமா வந்துச்சு?"

"வலது பக்கம்பா."

"எவ்வளவு பக்கத்துல?"

பையன் எழுந்து போய் அப்பாவின் வலது கை விரல்களைத் தொட்டான்.

அந்திரீஸ் அந்தக் கறித்துண்டை அவன் தட்டில் வைத்தார். "சாப்பிடு. ஆறிடும்" என்றார். அன்றைக்கு அவர் எதுவும் சாப்பிடவில்லை. நான் கெஞ்சவும் இல்லை.

காலையில் ஷர்னெலின் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வண்டிச் சாவி கிடந்தது. அவர் வண்டியைச் சுற்றி, ஒரு கையால் தகரத்தைத் தடவிக்கொண்டே போய், என் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால் ஏறினேன். பாத்திரம் கழுவாமல் மூட்டையில் கிடந்தது.

கொஞ்ச தூரத்தில் எதிரே ஒரு வண்டி வந்து ஜன்னலோடு ஜன்னலாக நின்றது. "என்ன பாத்தீங்க?" என்றான் அந்த ஆள். இதுவரை அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது அப்பாதான். ஷர்னெல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணும் பாக்கல தம்பி" என்றார் அந்திரீஸ், நேரே பார்த்தபடி. "நீங்க?"

"அடுத்த வளைவு தாண்டி, இடது பக்க மரத்துல சிறுத்தை. தாழ்ந்த கிளையிலதான், தவற விடாதீங்க!"

வளைவு வந்தது. மரமும் வந்தது. சிறுத்தை கிளையில் கிடந்தது, வால் தொங்கியது. ஷர்னெல் வேகத்தைக் குறைத்தாள். அவர் கண்ணைச் சுருக்கி, கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பி மரம் முழுக்கத் தேடினார். நாங்கள் மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு, அவர் பார்க்கட்டும் என்று காத்திருந்தோம்.

"போயிடுச்சு போல" என்றார் கடைசியில். "விடு, வண்டியை எடு."

"ஆமாப்பா, போயிடுச்சு" என்றான் செஸ்லின். ஷர்னெல் வண்டியை எடுத்தாள்.