திருப்பிப் போட்ட சூரியன்

பெர்த் நகரத்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. இங்கே சூரியன் கடலில் இறங்குகிறது. சாயங்காலமானால் ஜனங்கள் காரை நிறுத்திவிட்டு, ஃபிஷ் அண்ட் சிப்ஸ் பொட்டலத்தோடு மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேலை முடிந்து நானும் போய் உட்காருவேன். தண்ணீருக்கு மேலே அந்தச் சிவப்பு வட்டத்தைக் கண்டதும் என் உடம்பு இது காலை என்று முடிவு செய்துவிடும். வயிறு இட்லி கேட்கும். சூப்பர்மார்க்கெட் கிடங்கில் எட்டு மணி நேரம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய முதுகோ, இல்லையப்பா, இது மாலைதான் என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவில் பஞ்சாயத்து பண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.

ஒருநாள் பக்கத்தில் நாயோடு உட்கார்ந்திருந்த பெரியவர், "உங்கள் ஊரில் இப்படியெல்லாம் பார்க்க முடியாது, இல்லையா?" என்று கேட்டார். "எங்கள் ஊரில் இது காலையில் வரும்" என்றேன். நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் உண்மையைத்தான் சொன்னேன் என்று விளக்கப் போனால் நான் எடுத்த சினிமாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கிற கதையை உங்களிடம் சொல்லலாம். உங்களில் பலருக்கு எந்தக் கடலில் எது எப்போது வரும் என்று தெரியும்.

நான் படாளத்துக்காரன். செங்கல்பட்டுக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஊர், நெல்லும் கரும்பும் போட்ட குடும்பம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சினிமா ஆசையில் வடபழனிக்குப் போய், ஒரு அறையில் ஐந்து பேராகக் கிடந்து, எட்டு வருடம் உதவி இயக்குநராக இருந்தேன். கிளாப் அடித்தேன், கன்டினியூட்டி எழுதினேன், கதாநாயகிக்குக் குடை பிடித்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் "டைரக்டர் வந்துட்டாருப்பா" என்று பேருந்து நிறுத்தத்திலேயே கிண்டல் ஆரம்பமாகிவிடும். என்னைப் பற்றி வெட்கப்படாமல் பேசிய ஒரே ஆள் என் அக்கா கஸ்தூரி. அவளைக் கிழக்குக் கடற்கரை ஊரான கடப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். கடைக்கு யார் வந்தாலும், "என் தம்பி சினிமாவுல கீறான், சீக்கிரமே படம் பண்ணப் போறான்" என்று சொல்லாமல் சாமானைப் பொட்டலம் கட்ட மாட்டாள் என்று மாமா சலித்துக்கொள்வார். அவள் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

ஒருவழியாகப் படம் கிடைத்தது. மீனவன் கதை. கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை, பெண்டாட்டி கரையில் காத்திருக்கிறாள், சூரியன் கடலில் மூழ்குகிறது, படம் முடிகிறது. இதை எழுதியது வடபழனி அறையில். எழுதும்போது என் மனதில் இருந்தது அதுவரை திரையில் பார்த்த சூரியன்கள்தான். எங்கள் பக்கத்துக் கடலில் சூரியன் மூழ்காது, அது பின்னால் வயல்பக்கம் போய் மறையும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. விடியற்காலையில் சூரியன் எழும்புவதை எடுத்து, அந்தத் துண்டை மட்டும் பின்னாலிருந்து முன்னால் ஓடும்படி ஃபிலிம் லேபில் அச்சடித்துவிட்டால் உதிக்கிற சூரியன் இறங்கிவிடும். மேற்குக் கரைக்கு யூனிட்டைக் கூட்டிப் போகத் தயாரிப்பாளர் சம்மதிக்கவில்லை. எத்தனையோ படத்தில் செய்ததுதானே என்று நானும் தைரியமாக இருந்தேன்.

கடப்பாக்கத்தில் இடிந்த கோட்டைக்குப் பக்கத்தில் கேமராவை வைத்தோம். அக்கா இருட்டிலேயே எழுந்து, நாற்பது பேருக்கு இட்லி அவித்து, இரண்டு பெண்களோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கதாநாயகி முதுகைக் காட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அசைந்தால் திருப்பிப் போடும்போது தெரிந்துவிடும். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இன்னாடா எடுக்கிறீங்க?"

"சாயங்காலம்க்கா. புருஷன் வரலைன்னு காத்திருக்கா. இதத் திருப்பிப் போட்டா சூரியன் கடல்ல இறங்கும்."

"சாயந்தரத்துல எவடா காத்துக்கினு இருப்பா? போட்டுங்க கடலுக்குப் போறதே ராத்திரிதானே. விடிஞ்சாதான் வரும். வெளிச்சம் வர வரத்தான் பொம்பளைங்களுக்கு வயித்தக் கலக்கும். எல்லா போட்டும் வந்துடுச்சி, இவ புருஷன் மட்டும் வரலன்னு வெச்சிடேன். சூரியன் கீற மாதிரியே இருக்கட்டுமே."

அதிகாலையில் கடை திறப்பது அக்காதான். படகுக்குக் காத்திருக்கும் பெண்கள் டீத்தூள் வாங்கும் சாக்கில் அவளிடம் வந்து நின்றுவிட்டுப் போவார்கள். அவள் பார்த்ததைச் சொன்னாள். இப்போது யோசித்தால் என் எட்டு வருட சினிமா அறிவில் அதற்கு இணையான ஒரு காட்சி கிடையாது. ஆனால் கேமராமேன் கேட்டுக்கொண்டிருந்தார், உதவியாளர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். படாளத்துப் பையனுக்கு மளிகைக் கடை அக்கா காட்சி சொல்லிக்கொடுப்பதா என்று எனக்குச் சுருக்கென்றது.

"இட்லி வெச்சிட்ட இல்ல? போய் வூட்டு வேலையப் பாரு. இது சினிமா" என்றேன்.

யூனிட் முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "சரிடா, ஆறிப்போறதுக்குள்ள துன்னுங்க" என்று சொல்லிவிட்டு, கூட வந்த பெண்களோடு கோட்டைச் சுவரைச் சுற்றிப் போய்விட்டாள். அன்று சூரியன் அற்புதமாக அமைந்தது. ஓரத்தில் ஒரு படகு மட்டும் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. ஷாட் முடிந்த பிறகு கேமராமேன் அதைச் சொன்னார். மறுபடி எடுக்க இன்னொரு காலை எங்களிடம் இல்லை. மூலையில் ஊர்கிற படகை எவன் பார்க்கப் போகிறான் என்றேன்.

கடப்பாக்கத்துக்காரர்கள் பார்த்தார்கள். படம் செங்கல்பட்டுத் தியேட்டருக்கு வந்த அன்று அக்கா கடைத்தெருவையே வேனில் ஏற்றி அழைத்து வந்திருந்தாள். படத்தில் கூட்டத்தோடு நின்று நடித்தவர்கள் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். இடைவேளை வரை விசில்கூட அடித்தார்கள். அக்கா திரும்பித் திரும்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் காட்சி வந்தது. கதாநாயகியின் முதுகு, வயலின், மெல்ல மெல்ல இறங்குகிற சூரியன். முன் வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. கடப்பாக்கத்து மீனவர் வேலு.

"யோவ், அது என் போட்டுய்யா! இன்னாய்யா பின்னால போவுது?"

தியேட்டர் அதிர்ந்தது. "புருஷன் வரலன்னு அழுவுது, அதோ வந்துகினு கீறானே!" என்றான் ஒருவன். "வரலடா, ரிவர்ஸ் கியர்ல போறான்" என்றான் இன்னொருவன். "கடல்ல சாயந்தரம் சூரியனா? டைரக்டரு எந்த ஊரு?" என்று யாரோ கேட்க, "நம்ம கஸ்தூரி தம்பிதான்" என்று பதில் வந்தது. அலைகள் கரையிலிருந்து கடலுக்குள் சுருண்டு போயின. ஒரு காக்காய் வால் பக்கமாகப் பறந்து போனது. அதை எடிட்டிங் டேபிளில் நூறு முறை பார்த்தும் நான் கவனித்ததில்லை. விளக்கு போடும் வரை சிரிப்பு ஓயவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தினமும் பார்க்கிற கடலை ஒருவன் தலைகீழாகக் காட்டினால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். எங்கள் ஜனங்கள் தங்கள் கடலையே கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேனே, அதுதான் கெட்டத்தனம்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வேனில் ஏறும்போது, "அந்தப் பொண்ணு நல்லா நடிச்சிச்சிடா" என்றாள். அவ்வளவுதான். 'நான் அப்போதே சொன்னேனே' என்று அவள் சொல்வாள், நான் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன் என்று அன்றைக்கும் அதற்கப்புறமும் காத்திருந்தேன். அவள் சொல்லவே இல்லை. திட்டியிருந்தால் என்னால் மன்னிப்புக் கேட்டிருக்க முடியும்.

படத்தை அந்த வாரமே தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டார்கள். அடுத்த தயாரிப்பாளர் வரவில்லை. பழைய இயக்குநரிடம் மறுபடி கிளாப் அடிக்கப் போக மனம் ஒப்பவில்லை. அறை நண்பன் ஒருவன் பெர்த்துக்கு வந்து காலூன்றியிருந்தான். அவன் வழியாக, இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில், நானும் வந்து சேர்ந்தேன். இங்கே சனி ஞாயிறுகளில் நம்மவர்களின் கல்யாணத்துக்கும் பூப்புனித நீராட்டுக்கும் வீடியோ எடுக்கிறேன். "நீங்கள் ஊரில் டைரக்டராமே?" என்று பெண் வீட்டார் கேட்டால் கேமராவைத் துடைக்கத் தொடங்கிவிடுவேன். நம் ஊரிலிருந்து புதிதாக வருகிற பையன்கள் குறும்படக் கதையோடு வந்து யோசனை கேட்பதும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதையும் முழுதாகச் சொன்னதில்லை.

போன மாதம் இங்கத்துக் கடலில் சூரியன் இறங்குவதை ஹேண்டிகேமில் எடுத்தேன். எந்தத் தந்திரமும் இல்லாமல், வெட்டாமல், பதினோரு நிமிடம். சிடியில் ஏற்றி அக்காவுக்குத் தபாலில் அனுப்பினேன். நான் கேட்க முடியாத மன்னிப்பை அந்த சிடி கேட்டுவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. நேற்று கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது ஃபோன் கார்டு போட்டு அவளை அழைத்தேன். ஊர்க் கடிகாரம் எங்களுக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கி ஓடும்.

"வந்துச்சிடா. மாமாவும் நானும் பாத்தோம். சூரியன் நல்லா வந்துகீது" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "காலைல எடுத்துத் திருப்பிப் போட்டியா?" என்று கேட்டாள். கிண்டலே இல்லை. தம்பி இப்படித்தான் எடுப்பான் என்று நம்பிக் கேட்டாள்.

"இல்லக்கா. இங்க நெசமாவே கடல்லதான் இறங்குது."

"அப்ப அந்த ஊர்ல சாயந்தரந்தான் பொம்பளைங்க கரையில காத்துக்கினு இருப்பாங்களா?" என்றாள்.

இத்தனை வருடமாகியும் அவள் மனதுக்குள் அந்தக் காட்சியை இன்னும் எடுத்து முடிக்கவில்லை. "நீ சொன்ன மாதிரி எடுத்திருக்கணும்க்கா. உன்ன அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன்.

"நானு இன்னாடா சொன்னேன்?"

உண்மையிலேயே மறந்துவிட்டாளா, எனக்காக மறந்துவிட்டாளா, தெரியவில்லை. "இருடா, மாடியில துணி காயுது, வெயில் சுள்ளுனு கீது, எடுத்துட்டு வந்துடறேன்" என்று ரிசீவரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நான் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தேன். என் கண்ணெதிரே சூரியன் முழுதாகத் தண்ணீருக்குள் போய்விட்டது. சுற்றிலும் இருந்தவர்கள் மணலைத் தட்டிவிட்டு எழுந்தார்கள். அதே சூரியன் கடப்பாக்கத்து மாடியில் இன்னும் உயரத்தில் நின்று, என் அக்காவின் புடவையைக் காயவைத்துக்கொண்டிருந்தது.