பதிலில் மிச்சமிருந்த எழுத்து

அம்மாவின் தமிழ்க் கணக்குப் புத்தகத்தில் எப்போதும் சுக்கு வாசனை அடிக்கும். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த கிடங்கின் வாசனை அது. அப்பா இறந்தபின் அம்மா நகரசபையில் தெரு பெருக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தூசியில் இருமல் பிடித்துக்கொண்டது. பத்தாம் வகுப்பு தேறினால் அலுவலகத்தில் பியூன் வேலைக்கு மாறலாம் என்று யாரோ சொல்ல, தனித்தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டாள்.

அவளுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். ஒன்பதாம் வகுப்பில் இருந்த எனக்கோ மலையாளம்தான். அவள் வாசிக்க வேண்டும், நான் கணக்கு சொல்லித்தர வேண்டும் என்று ஏற்பாடு. முதல் நாளே ‘இயற்கணிதக் கோவைகள்’ என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இதென்ன மோளே, கணக்குக்குள்ள கோவை வருது? கோயம்புத்தூரா?”

எனக்கும் தெரியவில்லை. அடுத்து ஒரு பெட்டி. நீளம் x+3, அகலம் x, உயரம் 2. கனஅளவு காண்க. கனம் என்றால் பாரம் என்று இருவரும் முடிவுசெய்து, பெட்டி மரமா இரும்பா என்று அந்த மாலை முழுக்கக் குழம்பினோம். பிறகு என் புத்தகத்தில் அதே மாதிரிப் படத்தைக் கண்டேன். அடியில் ‘வியாப்தம்’ என்றிருந்தது; பாரமல்ல, பெட்டி அடைக்கும் இடத்தின் அளவு. எனக்குத் தெரிந்த கணக்குதான். பெருக்கினேன்: 2x²+6x.

“சரி, எவ்வளவு?”

“அத்தறயே உள்ளு அம்மே, அவ்வளவுதான்.”

“எழுத்து மிச்சம் இருக்கே. அப்ப பெட்டி பெருசா, சின்னதா?”

x எதுவாகவும் இருக்கலாம் என்றேன். அதைச் சொல்லும்போதே எனக்கும் சந்தேகம் வந்தது. பள்ளியில் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

தேர்விலும் அதுபோல ஒன்று வந்ததாம். வீடு திரும்பியதும் தயக்கத்தோடு சொன்னாள்: “x-க்கு அஞ்சுன்னு போட்டுட்டேன். அப்படியே அம்போன்னு விட மனசு வரல.” அதற்கு மதிப்பெண் கொடுத்தார்களா, குறைத்தார்களா என்று இன்றுவரை தெரியாது. கணக்கில் மயிரிழையில் தேறினாள்.

வேலை மாற்றத்துக்கான உத்தரவு வந்த அன்று துணைக்கு என்னையும் அழைத்துப் போனாள். வருடக்கணக்கில் அவள் பெருக்கிய அதே அலுவலக வாசல். இஸ்திரி போட்ட சேலையோடு படியில் நின்றுவிட்டாள்.

“நேரா உள்ள போகலாமா, கூப்பிடுவாங்களா?” என்று என்னிடம் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

உள்ளிருந்து ஒருவர், “சேச்சி, அகத்தேக்கு வரூ” என்று உள்ளே அழைத்தார்.

யாரை அழைக்கிறார் என்று அம்மா பின்னால் திரும்பிப் பார்த்தாள்.