காக்கை விரட்டும் உத்தியோகம்

நேற்று பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். காருக்கு முன்னால் சரவெடி கொளுத்தினார்கள். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. எனக்கோ அந்த மருந்து வாடையில் பழைய உத்தியோகம் ஞாபகம் வந்துவிட்டது. உத்தியோகம் என்று நான்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். ஊருக்கு வடக்கே இருக்கும் ராணுவ விமானதளத்தில், பறவை விரட்டுகிற ஒப்பந்த ஆட்களுக்கு நான் மேஸ்திரி. ஓடுபாதை ஓரம் நின்று வெடி போட வேண்டும், அவ்வளவுதான். ஒரு காக்கை எஞ்சினுக்குள் போனாலும் விமானத்துக்கு ஆபத்து என்பார்கள்.

தளத்தைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்களின் பேச்சே தனி தினுசு. பாதிப் பேச்சில் விமானம் வந்தால் வாயை மூடிக்கொள்வார்கள். போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைகூட அப்படித்தான். சுவர் விரிசலுக்கு சிமென்ட் பூசிப் பூசி அலுத்துப்போனவர்கள். தளத்துக்கு நிலத்தைக் கொடுத்த அந்த வீடுகளிலிருந்துதான் வெடி போட ஆள் எடுத்தோம். ஏழுமலை அப்படி வந்தவன்.

அவன் சேர்ந்த புதிதில் ஆடி அமாவாசை வந்தது. மத்தியானம், விமானம் ஒன்று இறங்க வருகிற நேரம். ஓடுபாதைக்குப் பக்கத்துப் புல்லில் வாழையிலை, அதில் படையல் சோறு, வடை! ஏழுமலை கைகூப்பி நின்று "கா... கா..." என்று கூப்பிடுகிறான். சுற்றுவட்டாரக் காக்கை அத்தனையும் ஆஜர். அட கடவுளே! விமானம் இறங்காமல் மறுபடி மேலே ஏறிப் போனது.

வேலை போனது என்றுதான் நினைத்தோம். அதிகாரி வடக்கத்திக்காரர். ரயில்நிலையப் பலகையில் எழுத்துக்கூட்டிக் கற்ற என் இந்தியில் மொழிபெயர்த்தேன். சோற்றை வீட்டில் வைத்தால் என்ன என்று கேட்டார்.

"ஊட்டாண்ட வெச்சா எங்க நைனா வரமாட்டாரு சார். இது அவரு கழனி. எப்பவும் இங்கதான் இருப்பாரு."

அதிகாரி அந்தப் புல்லைத் திரும்பிப் பார்த்தார். இனிமேல் எதுவானாலும் வேலிக்கு வெளியே என்று சொல்லி விட்டுவிட்டார்.

வேலை நிலைத்தது. வருஷக்கணக்கில் வெடி போட்டான். காக்கை சும்மா இருக்குமா? ஆளை நன்றாக அடையாளம் வைத்துக்கொண்டது. அமாவாசைதோறும் வேலியோரம், அந்தக் கழனியைப் பார்த்தபடி இருந்த தன் வீட்டு வாசலில் இலை போட்டுக் கூப்பிடுவான். ஏழுமலை தலையைக் கண்டதும் எல்லாம் கத்திக்கொண்டு பறந்துவிடும். காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் ஒரு பருக்கை வாயில் போட முடியாது. கடைசியில் அவன் மனைவி சோறு வைத்துக் கூப்பிடுவாள். இவன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான்.

"பெத்த அப்பனுக்கு சோறு போட மூஞ்ச மறைச்சிக்கினு நிக்கறேன்பா" என்பான். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

பிறகு பறவை விரட்ட மெஷின் வந்தது, எங்களை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஓடுபாதையை நீட்டினார்கள், வேலியோர வீடுகள் போயின. ஏழுமலை ஐயம்பேட்டையில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டான். யாரும் சண்டை போடவில்லை. எதிர்த்துப் பேசக்கூட எல்லோருக்கும் அலுத்திருந்தது.

போன அமாவாசைக்கு என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தான். மொட்டைமாடியில் இலை போட்டு அவனே கூப்பிட்டான். இந்த ஊர்க் காக்கைகளுக்கு அவன் யாரென்று தெரியாதே! கூப்பிட்ட மாத்திரத்தில் இறங்கி வந்து வடையைக் கொத்தின. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வந்துட்டாரு பாத்தியா, ஏழுமலை!"

அவன் சொம்பை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

"காக்காதான்பா வந்துச்சி. நைனாவுக்கு இந்த ஊடு தெரியாது."