பாப்பாத்தி மூடிய பள்ளம்

மேஸ்திரி என்றால் மீசை இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? மைசூரில் குழாய் பதிக்க ரோட்டை வெட்டி மூடும் ஆட்களுக்கு மேஸ்திரி பாப்பாத்திதான். புருஷன் போனபிறகு, இரண்டு வயது ஜடையனை இடுப்பில் வைத்துக்கொண்டு மார்டள்ளியிலிருந்து பஸ் ஏறியவள். பத்து வருஷம் மண் சட்டி சுமந்தாள். பழைய மேஸ்திரி மூடிய பள்ளத்தில் ஒருநாள் செங்கல் லாரி இறங்கிவிட்டது. இறங்கும் என்று முந்தின நாளே சொன்னவள் அவள் ஒருத்திதான். அன்றிலிருந்து அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

அவளுடைய சோதனை சின்னது. மூடிய மண்மேல் ஏறி, வலது குதிகாலால் இரண்டு தட்டு. ‘பொத்’ என்றால் மறுபடி தோண்டு. ‘திண்’ என்றால் வீட்டுக்குப் போகலாம். ஜடையன் நடக்கப் பழகியதே இந்த மண்ணில்தான், அவனும் தட்டுவான். பட்டாளத்தில் சேர்ந்த பிறகும், லீவில் வரும்போது மூடிய பள்ளத்தைக் கண்டால் இரண்டு தட்டு தட்டாமல் தாண்ட மாட்டான். துப்பாக்கி பிடிக்கிறவனுக்கு இது என்ன பைத்தியம் என்று அவளே கேலி செய்வாள்.

தொண்ணூற்றொன்பது ஜூனில் கார்கிலில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மகன் போனில் பேசினான். அவன் படை அன்று ராத்திரி மைசூரில் தங்கி, மறுநாள் காலை எட்டு மணிக்கு ரயிலடிக்கு நடந்தே போகிறதாம். ஸ்டேஷனுக்குள் யாரையும் விடமாட்டார்களாம். வழியில் நின்று பார்த்துக்கொள்ளச் சொன்னான். அவன் சொன்ன வழிக்குக் குறுக்கேதான் அவள் வெட்டிய பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. விதிக்கு எவ்வளவு குசும்பு பாருங்கள்!

அன்று சாயங்காலமே ஏட்டு தொட்டையன் வந்துவிட்டார். ஏழரைக்குள் மூடாவிட்டால் நடை ரத்து, தார்ப்பாய் மூடிய லாரிகளில் வேறு வழியாக ஏற்றிப் போய்விடுவார்கள் என்று கன்னடத்தில் கறாராகச் சொன்னார். தார்ப்பாய்க்குள் இருப்பவனை எங்கே பார்ப்பது? ஆனாலும் மகனைப் பற்றிப் பாப்பாத்தி மூச்சுவிடவில்லை. அழுது காரியம் சாதித்தாள் என்று நாளைக்கு எவனும் சொல்லிவிடக் கூடாதே. எட்டு மணிக்கு வரச்சொல்லுங்கள், ரோடு இருக்கும் என்று மட்டும் சொன்னாள்.

விடிகாலை ஐந்துக்குத்தான் குழாயைப் பொருத்தி முடித்தார்கள். அதற்குள் தூறல் வேறு. நனைந்த மண் இறுகாது. அதை ஒதுக்கிவிட்டு, கூட வேலை செய்யும் முனிராஜின் டிராக்டரில் காய்ந்த கிராவல் கொண்டுவரச் செய்தாள். அரையடி கொட்டு, திமிசுக்கட்டையால் இடி. மறுபடி அரையடி, மறுபடி இடி. முனிராஜுக்குப் பொறுமை போயிற்று.

“மேல மட்டும் மூடுனாப் போதாதாக்கா? நடந்துதான போறாங்க?”

“முந்நூறு பேரு பூட்ஸ் காலு. எம்பட வேலைல ஒருத்தன் காலும் பொதையக் கூடாது. இடி.”

ஏழு இருபதுக்கு ஏறித் தட்டினாள். திண், திண். ஏட்டு ஒருமுறை குறுக்கே நடந்து பார்த்துத் தலையசைத்தார்.

எட்டு மணிக்குப் படை வந்தது. சனம் கைதட்டியது. பாப்பாத்தி மண்கையோடு ஓரத்தில் நின்று ஒவ்வொரு முகமாகத் தேடினாள். எல்லாத் தலையிலும் ஒரே தொப்பி, எல்லாக் கண்ணும் நேரே. வரிசை வரிசையாகப் பள்ளத்தைத் தாண்டிப் போனார்கள். பெற்றவளுக்கே பிள்ளையை அடையாளம் தெரியவில்லை.

கடைசிக்கு முந்தின வரிசை. அத்தனை பூட்ஸும் ஒரே சத்தமாக விழ, அந்தப் பக்கத்து ஓரத்தில் ஒரு கால் மட்டும் தாளம் தப்பியது. வலது குதிகால், இரண்டு தட்டு. அடுத்த அடியில் அது மற்றக் கால்களோடு சேர்ந்துகொண்டது.

அவள் அழுவதைப் பார்த்து முனிராஜ் பதறிப்போய் என்னவென்று கேட்டான். தன் மகன் போகிறான் என்று அப்போதுதான் சொன்னாள்.

“மூஞ்சியப் பாத்தீங்களாக்கா?”

“பாக்கல. ஆனா நம்ம வேலையச் சோதிச்சுட்டுப் போறான்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “திரும்பி வர்றப்பவும் இதே வழிதான் வருவான். சீக்கிரம் தார் போடச் சொல்லோணும்.”